சோலார் போடுவதற்கு முன் ஈபி கார்டைப் பாருங்கள்

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் எங்கள் தெருவில் கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் எதிர்வீட்டு சார் வந்து கேட்டைத் தட்டினார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் தன் மொட்டை மாடியில் ஆறு பேனல் ஏற்றியிருந்தார்.

"சார், மேல வெயில் மண்டையப் பொளக்குது. ஆறு பேனலும் பளபளன்னு நிக்குது. ஆனா வீட்ல ஒரு ஃபேன் சுத்தல. ஒங்க வீட்லயும் அப்படித்தானா?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் மாடியிலும் மூன்று கிலோவாட் சோலார் இருக்கிறது. அந்த நேரத்தில் அதுவும் சும்மாதான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் பேனல் விற்றவர் இதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிட்டார். கரண்ட் போனால் சாதாரண வீட்டுச் சோலாரும் போய்விடும். சோலார் வாங்க நினைக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேராவது இதற்கு நேர்மாறாக நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

ஏன் அப்படி? பேனலில் இருந்து வருவது டிசி மின்சாரம். வீட்டில் ஓடுவது ஏசி: 230 வோல்ட், வினாடிக்கு 50 முறை அலையடிப்பது. டிசியை ஏசியாக்கும் வேலை இன்வெர்ட்டருடையது. ஈபி லைனோடு இணைந்து ஓடுகிற இந்த இன்வெர்ட்டர் தனக்கென்று ஒரு தாளம் வைத்துக்கொள்வதில்லை. லைனில் வரும் அலையைக் கேட்டு, அதற்கு இம்மியும் பிசகாமல் கூடவே வாசிக்கிறது. கச்சேரியில் பக்கவாத்தியம் மாதிரி. பாட்டு நின்றால் மிருதங்கமும் நிற்க வேண்டியதுதான். தனி ஆவர்த்தனத்துக்கு இங்கே அனுமதி கிடையாது.

அனுமதி இல்லாததற்குக் காரணம் கம்பத்தின் மேல் நிற்கும் லைன்மேன். சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் அவர் மேலே ஏறுகிறார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் பாய்ந்தால் என்ன ஆகும்? டிரான்ஸ்ஃபார்மருக்கு வழி ஒன்றுதான் என்றில்லை. மேலிருந்து வரும் 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருவது போலவே, கீழிருந்து வருவதை 11,000 வோல்ட்டாக ஏற்றியும் விட்டுவிடும். அதனால்தான் லைன் செத்ததும் ஓரிரு வினாடிகளில் இன்வெர்ட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ள வேண்டும் என்று தரவிதி வைத்திருக்கிறார்கள். இதை விளக்கியதும் எதிர்வீட்டு சார் கொஞ்சம் சமாதானம் ஆனார். "அப்ப கரண்ட் கட்டுக்கு இது ஒதவாதா?" என்றார். உதவாது.

இப்படி ஈபியோடு சேர்ந்து ஓடுவது ஆன்கிரிட். இதில் பேட்டரி இல்லை, அதனால் விலையும் பராமரிப்பும் குறைவு. இன்னொரு கோடியில் ஆஃப்கிரிட்: பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், ஈபியோடு உறவே இல்லை. லைன் எட்டாத தோட்டத்து வீட்டுக்கும் மலைக் கிராமத்துக்கும் அது சரி. நடுவில் ஹைபிரிட் என்று ஒன்று; ஈபியும் உண்டு, பேட்டரியும் உண்டு, கரண்ட் போனாலும் வீட்டின் ஒரு பகுதி ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், பேட்டரிக் கணக்கைப் பார்க்கும் வரை. நம் வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட். பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் அது ஒரு மணி நேரத்துக்கே காணாது. லித்தியம் பேட்டரியில் ஆழமாக எடுக்கலாம், ஆயுளும் அதிகம், விலையும் அதற்கேற்ற மாதிரி. உங்கள் ஊரில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிறது என்றால் ஹைபிரிட் பற்றி யோசிக்கலாம். எப்போதாவது ஒரு மணி நேரம் போகிறது, ஃபேனும் லைட்டும் ஓடினால் போதும் என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று தனியாக வைத்துக்கொள்வது மலிவு.

ஆகவே இனி நான் பேசுவது பெரும்பாலும் ஆன்கிரிட் பற்றி. அது பில்லைக் குறைக்கும் கருவி. அப்படித்தான் அதை அளக்க வேண்டும்.

பேனலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி விழும்போது அதிலுள்ள எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. தகட்டின் இரு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் மின்புலம் அவற்றை ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. அதுதான் கரண்ட். ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839லேயே பிரான்சின் எட்மண்ட் பெக்கரல் கவனித்துவிட்டார். பயன்படும் சிலிக்கான் செல்லை 1954ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். அது தன்மேல் விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று வீட்டு மாடிக்கு வரும் பேனல் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றுகிறது. ஒரு செல் தருவது அரை வோல்ட் சொச்சம்தான். அதனால் செல்களை வரிசையாகக் கோத்துப் பேனல் ஆக்குகிறார்கள்; பேனல்களை வரிசையாகக் கோத்து இன்வெர்ட்டருக்குக் கொண்டு போகிறார்கள்.

வேலை செய்வது ஒளி என்று சொன்னேன். சூடு அதற்கு எதிரி. "நம்ம ஊர் வெயிலுக்கு சோலார் பிச்சுக்கிட்டு ஓடும்" என்பது பாதிதான் உண்மை. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது ஆய்வகத்தில் எடுத்தது. மே மாத மத்தியானம் நம் மாடியில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் வகைப் பேனல் சுமார் 0.35 சதவீதம் திறன் இழக்கிறது. டாப்கான் என்று இப்போது வரும் வகை 0.3 அளவில் இழக்கிறது. ஆக நடு மத்தியானத்தில் எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடும். என் போனில் இருக்கும் சோலார் ஆப்பைப் பார்த்தால், மூன்று கிலோவாட் என்று பெயர் பெற்ற அமைப்பு மத்தியானம் இரண்டரையைத் தொட்டாலே பெரிய விஷயம். வானம் தெளிவாக, காற்று இதமாக இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் நல்ல அறுவடை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் கூட வராத நாட்கள் உண்டு.

வருடம் முழுக்கச் சேர்த்துச் சராசரி பார்த்தால், தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் நான்கு யூனிட். மூன்று கிலோவாட்டுக்கு 12 யூனிட். இரண்டு மாத பில் காலத்துக்கு 720 யூனிட். கிலோவாட்டுக்கு நான்கு என்ற ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஐந்து யூனிட், ஆறு யூனிட் என்று அளந்துவிடும் விற்பனையாளரை அடையாளம் கண்டுவிடலாம்.

பகலில் 12 யூனிட் வருகிறது. ஆனால் பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஃபிரிட்ஜ் ஓடும், பாட்டி டிவி பார்ப்பார். ஏசி எல்லாம் ராத்திரிதான். பேட்டரியும் கிடையாது என்றால் பகல் மின்சாரம் எங்கே போகிறது? லைனில் ஏறி, பெரும்பாலும் அடுத்த வீட்டுக்கே போய்விடுகிறது. இதைத்தான் நெட் மீட்டர் கணக்கு வைக்கிறது. உங்கள் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, வாங்கியதையும் கொடுத்ததையும் தனித்தனியாகப் பதியும் மீட்டரை வைப்பார்கள். அக்கம்பக்கத்தில் கைமாத்து வாங்குவது மாதிரி: பகலில் கொடுத்து வைக்கிறீர்கள், ராத்திரி திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள், பில் எடுக்கும்போது இரண்டையும் கழித்து மிச்சத்துக்குத்தான் பணம். கொடுத்தது அதிகமாக இருந்தால் அது அடுத்த பில்லுக்குப் போகும்.

ஆன்கிரிட் சோலார் லாபமா இல்லையா என்பது முக்கால்வாசி இந்த ஏற்பாட்டைப் பொறுத்தது. அரசுகள் எப்போதும் இதே பெருந்தன்மையோடு இருக்கும் என்று எண்ண வேண்டாம். பகலில் எல்லோரும் கொடுக்க வந்து, வாங்க ஆளில்லாமல் போகும் நாளும் வரும். இலங்கையில் அது வந்தேவிட்டது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை அடிமட்டத்துக்குப் போனபோது, கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை தாங்களாகவே அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

இனி காசு. ஈபி கார்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கார்டில் யாரும் எழுதுவதில்லை, போனில் மெசேஜ்தான் வருகிறது. சரி, கடைசி ஆறு பில் மெசேஜையாவது தேடி எடுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2024 ஜூலை முதல் வீடுகளிடம் வசூலித்த விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். கணக்கு இரண்டு மாதத்துக்கு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நிற்பவர்களுக்கு அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. ஐநூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை பறிபோய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும், 500 வரை அதே 6.30, 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சரியாக 500 யூனிட் ஓட்டினால் பில் 1,805 ரூபாய். 501 ஓட்டினால் 2,048. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்! மீட்டர் ரீடிங் எடுக்க வருபவர் ஒரு நாள் தாமதமாக வந்தால் சில வீடுகளில் ஏன் சண்டை மூளுகிறது என்பது இப்போது புரியும்.

இந்தப் படிக்கட்டில் சோலார் மேலிருந்துதான் கீழே இறங்கும். நீங்கள் ஓட்டும் யூனிட்டுகளில் விலை அதிகமானவற்றைத்தான் அது முதலில் விழுங்குகிறது. இதை மட்டும் புரிந்துகொண்டால் எத்தனை கிலோவாட் போடலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

எதிர்வீட்டு சாரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். பில் 6,870. அவர் ஒரே ஒரு கிலோவாட் போட்டிருந்தால் 240 யூனிட் குறைந்து 760 ஆகியிருக்கும், பில் 4,392. மிச்சம் 2,478. இரண்டாவது கிலோவாட் அதை 520க்கு இறக்கும். பில் 2,208, கூடுதல் மிச்சம் 2,184. மூன்றாவது கிலோவாட் 280க்கு. பில் 611, கூடுதல் மிச்சம் 1,597. நான்காவதும் போட்டிருந்தால்? 40 யூனிட், பில் பூஜ்யம். பூஜ்யம் என்ற சொல்லுக்கு ஒரு கிறக்கம் உண்டு, விளம்பரக்காரர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்த நான்காவது கிலோவாட் இரண்டு மாதத்தில் சம்பாதித்துத் தருவது வெறும் 611 ரூபாய். முதல் கிலோவாட்டின் வருமானத்தில் கால் பங்கு.

மத்திய அரசின் மானியமும் இதே இடத்தில்தான் நின்றுவிடுகிறது. 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். இந்த மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரித்தவையாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் டிசிஆர் பேனல் என்று போடுவது இதைத்தான். அவை இறக்குமதிப் பேனலை விட விலை கூடுதல். ஆகவே "மானியம் வேணாம் சார், நான் அதைவிடச் சல்லிசா முடிச்சுத் தரேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் மூன்று கிலோவாட் வரைக்கும் மானியம்தான் ஜெயிக்கும்.

நான் மூன்று இடங்களில் வாங்கிய கொட்டேஷன்கள் மூன்று கிலோவாட்டுக்கு ஒன்றே முக்கால் லட்சத்தில் தொடங்கி இரண்டேகால் லட்சம் வரை போயின. நடுவில் இரண்டு லட்சம் என்று வைத்து, மானியம் 78,000 போக, கைக்காசு 1,22,000. எதிர்வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 6,259 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 37,500. மூன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். இன்வெர்ட்டர் அத்தனை நாள் தாங்காது. பத்து வருடத்தை ஒட்டி ஒரு முறை மாற்றக் காசு எடுத்து வைக்க வேண்டும். அப்படியும் நல்ல கணக்கு.

இப்போது பின்தெருவில் இருக்கும் என் அத்தை வீட்டைப் பார்ப்போம். ஒரு ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், கோடையில் மட்டும் ஒரு ஏசி. சராசரி 400 யூனிட், பில் 1,175. இரண்டு கிலோவாட் போட்டால் பில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வருடத்துக்கு 7,050 மிச்சம். மானியம் போகக் கையிலிருந்து எழுபது எண்பதாயிரம் ஆகும். போட்ட காசு திரும்பி வரப் பத்து வருடத்துக்கு மேல். அதற்குள் இன்வெர்ட்டர் மாற்றும் வேளை வந்துவிடும். "போடலாமாடா?" என்று அத்தை கேட்டபோது, "வேண்டாம் அத்தை, அந்தக் காசுல பழைய ஃபேனை எல்லாம் மாத்துங்க" என்றேன். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துவிடும். மூன்று ஃபேனையும் மாற்ற ஆகும் செலவு பேனலுக்கு ஆவதில் சின்னப் பங்குதான்.

அரசு தரும் மலிவு மின்சாரமே அத்தை வீட்டில் சோலாருக்குப் போட்டி. வெயிலில் குறையில்லை; எதிர்வீட்டு மாடியில் அடிக்கும் அதே வெயில்தான் அத்தை வீட்டு மாடியிலும் அடிக்கிறது. படிக்கட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால், இரண்டு மாத பில் 500 யூனிட்டை வழக்கமாகத் தாண்டுகிறவர்கள் தயங்காமல் விசாரிக்கலாம். 300க்குள் இருப்பவர்கள் இதை மறந்துவிடலாம். நடுவில் இருப்பவர்கள் அடுத்த ஐந்து வருடத்தில் ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. பல வீடுகளில் கீழே ஒரு கனெக்ஷன், மாடிக்கு ஒன்று, பின்போர்ஷனுக்கு ஒன்று என்று மூன்று மீட்டர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் இலவசம், ஒவ்வொன்றும் படிக்கட்டின் அடியிலேயே நிற்கும். சோலார் எந்த மீட்டரில் இணைகிறதோ அந்த மீட்டரின் பில்லைத்தான் குறைக்கும். மொத்த வீட்டுக்கும் 900 யூனிட் ஆகிறதே என்று கூட்டிப் பார்த்து மூன்று கிலோவாட் போட்டுவிட்டு, பிறகு அது 300 யூனிட் ஓடும் கீழ்வீட்டு மீட்டரில் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நொந்துபோனவர்கள் உண்டு. அப்புறம் பெயர். கனெக்ஷன் இன்னமும் காலஞ்சென்ற தாத்தா பெயரிலேயே இருக்கும். விண்ணப்பிப்பவர் பெயர், ஈபி பெயர், மானியம் வந்து விழ வேண்டிய வங்கிக் கணக்கின் பெயர் எல்லாம் ஒன்றாக இல்லாவிட்டால் அலைச்சல்தான். முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து மீட்டர் வைத்த பிறகுதான் கணக்கில் வரும். அதுவரை முழுப்பணமும் நம் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ போக வேண்டும். 10 கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்பச் சாத்தியம் பார்க்க வேண்டியதில்லை, விண்ணப்பித்தாலே ஏற்றதாகக் கொள்ள வேண்டும் என்று 2024ல் மத்திய விதியை மாற்றியது இந்த அலைச்சலில் ஒரு சுற்றைக் குறைத்திருக்கிறது.

கணக்கு சரியாக வந்தால் மாடிக்குப் போகலாம். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மூன்று மணி என்று மூன்று தடவை போய் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கோயில் திருவிழா சீரியல் பல்பில் ஒன்று போனால் வரிசையே அணைகிற மாதிரி, வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மொத்த வரிசையும் சுணங்கும். பேனலுக்குள் பைபாஸ் டயோடு என்று வழக்கமாக மூன்று வைத்து, நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்திருக்கிறார்கள். ஆனாலும் இழப்பு இழப்புதான். தென்னை மட்டை ஒன்று, சின்டெக்ஸ் தொட்டியின் நிழல், டிஷ் ஆன்டெனா எல்லாமே எதிரிகள். பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறதா? தெற்குப் பக்கமா? அங்கே நாளைக்கு மூன்று மாடி எழும்பினால் உங்கள் பேனலின் கதி என்ன என்றும் யோசிக்க வேண்டும்.

பேனல் தெற்கு பார்த்துச் சாய வேண்டும். ஊரின் அட்சரேகைதான் சாய்மானத்துக்கு அளவு: சென்னைக்கு 13 டிகிரி, மதுரைக்கு 10, கன்னியாகுமரிக்கு 8. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் உச்சிக்கு வடக்கேதான் போகும் என்பதால் இந்தச் சாய்வு பெரிதாக இருக்கத் தேவையில்லை. தெற்கு வாட்டம் இல்லாத வீட்டில் கிழக்கு மேற்காகப் போட்டாலும் கொஞ்சம்தான் குறையும். கன்னியாகுமரியே ஆனாலும் பத்து டிகிரிக்குக் கீழே மட்டும் படுக்க வைக்காதீர்கள். தண்ணீர் வழியாமல் கீழ்விளிம்பில் அழுக்குக் கோடு படியும்.

ஒரு 540 வாட் பேனல் ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ. ஆறு பேனலுக்கு நடக்கும் வழி, நிழல் இடைவெளி எல்லாம் சேர்த்து 250 முதல் 300 சதுர அடி வேண்டும். மாடியின் பாதி போய்விட்டால் வடகம் எங்கே காயப்போடுவது என்று வீட்டில் கேட்பார்கள். அதற்காகவே நம் ஊரில் ஏழெட்டு அடி உயரத்துக்குக் கம்பி நட்டு, மேலே பேனல், கீழே நிழல்கூடம் என்று போடுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் உயரம் கூடக்கூடக் காற்றும் கூடும். எடை கீழே அழுத்துவது பெரிய கவலை இல்லை; காற்று அடியில் புகுந்து தூக்குவதுதான் கவலை. சென்னைக் கடற்கரைப் பகுதிக்குக் கட்டடங்களை வடிவமைக்க இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016ல் வர்தாவையும் 2018ல் கஜாவையும் பார்த்தவர்களுக்கு இது ஏதோ புத்தகக் கணக்காகத் தோன்றாது. பேனலின் பிராண்டு பற்றி அரை மணி நேரம் விசாரிப்பவர்கள், தாங்கும் கம்பியின் கனம் என்ன, சூட்டில் முக்கியெடுத்த துத்தநாகப் பூச்சா வெறும் பெயின்டா, அடியில் எத்தனை போல்ட் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கினால் தட்டோட்டுக்குக் கீழே தண்ணீர் போகாமல் அடைத்துத் தரச் சொல்லுங்கள். என் வீட்டுக்கு வேலை செய்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் படுக்கையறைச் சீலிங்கில் ஒரு இலங்கை வரைபடம் வந்தது. எர்த்திங்கும் இடிதாங்கியும் தனித்தனியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, கழுவுவதைத் தவிர. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போதும். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள் என்றால் வாரா வாரம். காக்காய் எச்சம் மட்டும் உடனே போக வேண்டும், அதுவும் நிழல்தான். விடியற்காலையில் கழுவுங்கள், சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நான் செய்த தப்பு வேறு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மூன்று மாதம் அதையே ஹோஸில் அடித்துக்கொண்டிருந்தேன். கீசர் ராடில் படிவது மாதிரி கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. துடைத்தாலும் போகவில்லை. வினிகர் கலந்த தண்ணீரில் மென்மையான துணியை நனைத்து ஒவ்வொரு பேனலாக உட்கார்ந்து தேய்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போதெல்லாம் மழைத்தண்ணீரோ, ஆர்ஓ மெஷின் வடிகட்டித் தந்த நல்ல தண்ணீரோதான். ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் தனி ஒருவர் போடுவது கஷ்டம். ஆனால் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டருக்குச் சங்கமே போடலாம். கிலோவாட்டுக்கு 18,000 மானியம் அதற்கும் உண்டு.

எதிர்வீட்டு சார் பிறகு என்ன ஆனார்? மின்வெட்டுக்கு ஒரு சின்ன பேட்டரி இன்வெர்ட்டர் வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முதல் இரண்டு பில்லும் அறுநூறை ஒட்டி வந்தன, மனிதர் தரையில் நடக்கவில்லை. "கரண்ட்தான் ஃப்ரீயாச்சே" என்று பையன் அறைக்கு மூன்றாவது ஏசி மாட்டினார். போன பில்லில் கழித்தது போக 540 யூனிட், 2,376 ரூபாய். சாயங்காலம் போனை நீட்டிக்கொண்டே வந்தார்.

"சார், ஐநூறத் தாண்டிருச்சு. இன்னும் ரெண்டு பேனல் ஏத்திட்டா?"

இரண்டு பேனல் என்றால் ஒரு கிலோவாட் சொச்சம். 540ஐ 300க்குக் கீழே இறக்கிவிடும், பில் எழுநூறு ரூபாய்க்குள் வந்துவிடும். மோசமில்லை. ஆனால் அவர் வீட்டு இன்வெர்ட்டர் அத்தனை பேனலைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் டிசி பக்கம் அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருக்கும். இருவரும் அவர் வீட்டு மாடிக்கு ஏறினோம். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் பாதி வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. இன்வெர்ட்டர் திரையிலேயே பார்த்துவிடலாம் என்றார். இருட்டிவிட்டதால் இன்வெர்ட்டர் எப்போதோ தூங்கப் போயிருந்தது. வெயில் வந்ததும் பார்ப்போம், ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.